இரண்டரை ரூபாயில் ஒரு கண்காட்சி

போன வாரம் ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து தட்டை எடுத்து வைத்தால், ஈரோட்டில் இருந்து தம்பி கூப்பிடுகிறான். சித்தப்பா மகன். எடுத்த எடுப்பில், "ஏனுங்ணா, ஜனவரில நுமாயிஷ்ல கடை போடலாமுன்னு இருக்கறேன். டெல்லில ஒரு பெரிய எக்ஸ்போவுக்கும் கூப்புடறாங்க. கையில மூணு லட்சம் இருக்குது. எதுக்குப் போறதுங்க்ணா?" என்றான்.

அந்த மூணு லட்சம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படிப்பட்ட பணம் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். "யோசிச்சு சொல்றேன்டா" என்று போனை வைத்துவிட்டேன். அந்த யோசனைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டியிருக்கிறது, நிறையச் சரித்திரமும் வரும். பொறுத்துக் கொள்ளுங்கள் :-)

ஹைதராபாத்தில் இருக்கும் மக்களுக்கு நுமாயிஷ் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி 1 பிறந்தால் நாம்பள்ளி மைதானத்தில் 46 நாளைக்குத் திருவிழா. காஷ்மீர் சால்வை, லக்னோ சிக்கன் வேலைப்பாடு, ஊறுகாய், பீங்கான், ராட்டினம், மிர்ச்சி பஜ்ஜி. தமிழ்க் குடும்பங்கள் கூட்டமாகப் போய் ஆளுக்கொரு பையுடன் திரும்பி வருவது வழக்கம். நானும் இங்கே வந்த புதிதில் அப்படித்தான் போனேன். எதிர்ப்பக்கம், அதாவது கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் ஆள் என்ன பாடுபடுகிறான் என்று 2007 வரை யோசித்ததே கிடையாது.

சித்தப்பாவுக்கு பவானியில் நாலு தறி. ஜமக்காளம்தான் தொழில். சென்னிமலையில் இருந்து பெட்ஷீட்டும் துண்டும் வாங்கிச் சேர்த்து விற்பார். திங்கள் ராத்திரி ஈரோடு கனி மார்க்கெட் சந்தைக்கு மூட்டையோடு போனால் செவ்வாய்க்கிழமைதான் வீடு திரும்புவார். சந்தையில் தரையில் விரித்துப் போட்டு விற்றே பழகிய மனுஷன். 2007இல் யாரோ ஒருவர் அவரிடம், "உங்க சரக்குக்கு நீங்க எக்ஸ்போவுக்கே போகலாமுங்க" என்று சொல்லிவிட்டார். ஹைதராபாத்தில் மூன்று நாள் கண்காட்சி. யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம்.

அதன் கணக்கு சித்தப்பாவின் நோட்டில் இருக்கிறது. இப்போது அந்த நோட்டு தம்பியிடம் இருக்கிறது. 3 மீட்டருக்கு 3 மீட்டர், ஆக 9 சதுர மீட்டர் இடம். சதுர மீட்டர் 4,500 ரூபாய் வீதம் 40,500. அதற்கு மேல் 12.36 சதவீதம் சேவை வரி. வரியோடு சேர்த்து சுமார் 45,500. லாரிக்கு 6,000. கூடுதல் விளக்குக்கு 3,000. ஃபிளெக்ஸ் பேனர் 1,800. வழவழப்பான தாளில் துண்டுப் பிரசுரம் 7,000. உதவிக்கு வந்த பையனுக்கு 1,500. சபரி எக்ஸ்பிரஸ் டிக்கெட் வகையில் 1,200. மொத்தம் 66,000. தங்கியது எங்கள் வீட்டில், சாப்பாடு தங்கமணி கையால், அதனால் அதற்குக் கணக்கு இல்லை. இடத்தோடு அவர்கள் கொடுத்தது ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மூன்று விளக்கு, ஒரு பிளக் பாயிண்ட், குப்பைக்கூடை, தலைக்கு மேல் ஒரு பெயர்ப் பலகை. அந்தப் பெயரிலும் எழுத்துப் பிழை.

சரக்கை விரித்து விலை சொல்ல ஆரம்பித்த பிறகுதான் சொன்னார்கள், இங்கே சில்லறை விற்பனை கிடையாது, ஆர்டர் மட்டும்தான் என்று. மூன்று நாளில் 84 விசிட்டிங் கார்டு சேர்ந்தது. மூன்று மாதம் கழித்து 11,000 ரூபாய்க்கு ஒரே ஒரு ஆர்டர். சித்தியின் பத்துப் பவுன் அடகுக் கடையில் இருந்தது.

சித்தப்பா யாரையும் திட்டவில்லை. "சந்தைன்னு நெனச்சு வந்தேன்டா கண்ணு. இது சந்தை இல்ல" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, உலகம் பல நூற்றாண்டாகக் கற்றுக் கொண்டதை அவர் மூன்று நாளில், அறுபத்தாறாயிரம் ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டார் என்று.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

சந்தை என்றால் சரக்கைக் கொண்டு வந்து குவிப்பது, கண்ணால் பார்த்து, கையால் தடவி, காசு கொடுத்துத் தூக்கிப் போவது. எங்கள் பக்கம் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் நடக்கும் குதிரைச் சந்தையும் அப்படித்தான். ஐரோப்பாவிலும் அதுவேதான். ஜெர்மனியின் லைப்ஸிக் நகரச் சந்தைக்கு 1497இல் பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியான் தனிச் சலுகை கொடுத்தார். சுற்று வட்டார வியாபாரம் எல்லாம் அங்கே குவிந்தது. நாலு நூற்றாண்டுக்குப் பக்கமாக அது சரக்குச் சந்தை. அதற்குள் ரயில் வந்துவிட்டது, தொழிற்சாலை வந்துவிட்டது. ஒரே மாதிரி ஆயிரம் சாமான் செய்ய முடியும் என்றால் ஆயிரத்தையும் எதற்குச் சுமந்து வர வேண்டும்? 1895இல் லைப்ஸிக் மாதிரிச் சந்தையாக மாறியது. ஒன்றே ஒன்றைக் கொண்டு வந்து காட்டு, ஆர்டர் எழுதிக்கொள், ஊருக்குப் போய்ச் செய்து அனுப்பு. இன்றைக்கு எக்ஸ்போ என்று சொல்கிற அத்தனைக்கும் இதுதான் பாட்டன்.

மாதிரிச் சந்தை யாருக்குச் சரிப்படும்? கேட்ட எண்ணிக்கையில், கேட்ட தேதிக்கு, ஒரே தரத்தில் அனுப்பக்கூடியவனுக்கு. வந்து சேர்கிற ஆர்டருக்காக மூன்று மாதம், ஆறு மாதம் காத்திருக்கத் தெம்பு உள்ளவனுக்கு. நாலு தறிக்காரனுக்கு அந்தத் தெம்பு கிடையாது. சித்தப்பா சொன்ன "இது சந்தை இல்ல" என்பதன் முழு அர்த்தம் இதுதான்.

நம் நாட்டுக் கதை இன்னும் வேடிக்கை. இந்தியச் சரக்கு உலகக் கண்காட்சியில் பெரிய அளவில் வைக்கப்பட்டது 1851இல், லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டி நடத்திய மகா கண்காட்சியில். மே 1 முதல் அக்டோபர் 15 வரை அறுபது லட்சத்துக்கும் மேல் வருகை. லாபம் மட்டும் சுமார் 1,86,000 பவுன். இந்தியப் பகுதியில் கூட்டம் அலைமோதியது. ஆனால் அங்கே கடை போட்டது நம்மவர்கள் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி. நெய்தவன் பெயர் தெரியாது, செதுக்கியவன் பெயர் தெரியாது. அம்பாரியைக் காட்ட ஒரு யானை வேண்டும் என்று தேடி, எஸ்ஸெக்ஸ் பக்கம் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்து பஞ்சடைத்த யானையை இரவல் வாங்கி நிறுத்தினார்கள். அந்த யானைகூட இந்தியாவில் இருந்து போனது இல்லை!

நாலு வருஷம் கழித்து 1855இல் மதராஸிலேயே ஒரு கண்காட்சி நடந்தது. தென்னிந்தியாவின் மூலப்பொருள், கைவினை, உற்பத்தி எல்லாம் வரிசையாக வைத்தார்கள். கல்கத்தாவில் 1883 டிசம்பரில் தொடங்கி 1884 மார்ச் வரை சர்வதேசக் கண்காட்சி. எல்லாம் பிரமாதம்தான். ஆனால் நோக்கம் என்ன? இந்த நாட்டில் என்ன விளைகிறது, எது மலிவு, எதை எடுத்துப் போகலாம் என்று பட்டியல் போடுவது. வாங்குகிறவனின் வசதிக்கான கண்காட்சி, விற்கிறவனுக்கானது அல்ல.

1886இல் லண்டனில் காலனி மற்றும் இந்தியக் கண்காட்சி என்று ஒன்று. இந்த முறை கைவினைஞர்களையே கூட்டிக் கொண்டு போய் உட்கார வைத்தார்கள். முப்பத்துச் சொச்சம் பேர். தறியில் கம்பளம் நெய்கிறவர், பானை வனைகிறவர் எல்லாரும் ஜனங்கள் பார்க்கப் பார்க்க வேலை செய்தார்கள். அவர்களில் பலர் யார் தெரியுமா? ஆக்ரா சிறைச்சாலையில் தொழில் கற்ற கைதிகள். சிறைக் கண்காணிப்பாளரே பொறுப்பேற்றுக் கப்பலில் அழைத்துப் போனார். விக்டோரியா மகாராணி அவர்களை ஓவியமாகத் தீட்டச் சொன்னார். பார்த்தவர்களுக்கு அது பரம்பரைக் கைவினைக் கிராமம். உட்கார்ந்திருந்தவருக்கு? தான் செய்த கம்பளத்துக்கு விலை சொல்லும் உரிமை அவருக்கு இல்லை.

இந்த நிலை மாற ஆரம்பித்தது காங்கிரஸ் மாநாடுகளில். 1901 கல்கத்தா மாநாட்டோடு ஒரு தொழிற்கண்காட்சியும் சேர்த்து நடத்தினார்கள். அடுத்த வருஷம் அகமதாபாத். பிறகு மாநாடு எந்த ஊருக்குப் போனதோ அங்கே கண்காட்சியும் கூடவே போனது. சுதேசி இயக்கம் சூடு பிடித்தபோது தீப்பெட்டி, சோப்பு, பென்சில், துணி என்று உள்ளூர்க்காரன் தன் பெயர்ப் பலகையைத் தானே மாட்டிக்கொண்டு நிற்க ஒரு இடம் கிடைத்தது. அரசியல் கேட்க வந்த கூட்டமே வாடிக்கையாளர் ஆனது. கூட்டத்தைச் சேர்க்கத் தனிச் செலவு இல்லை என்பதைக் கவனியுங்கள். சின்ன வியாபாரிக்கு அதுதான் முக்கியம்.

இப்போது நாம்பள்ளிக்கு வருகிறேன்.

1938. உஸ்மானியா பல்கலைக்கழகத்துப் பட்டதாரிகள் சிலருக்கு ஹைதராபாத் சமஸ்தானத்தின் பொருளாதாரத்தைக் கணக்கெடுக்க வேண்டும் என்று ஆசை. கையில் காசு இல்லை. உள்ளூர்ச் சரக்கை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினால் கணக்கெடுப்புக்குப் பணம் சேருமே என்று யோசித்தார்கள். நுமாயிஷ் மஸ்னுவாத்-ஏ-முல்கி என்று பெயர். நம் நாட்டு உற்பத்திக் கண்காட்சி என்று பொருள். பப்ளிக் கார்டனில் ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் தொடங்கி வைத்தார். ஆரம்ப முதலீடு இரண்டரை ரூபாய் என்று இந்த ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்த இரண்டரை ரூபாய்கூட சமஸ்தானத்தின் சொந்த நாணயமான ஹாலி சிக்காவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஏழு சிக்கா ரூபாய்க்கு ஆறு பிரிட்டிஷ் ரூபாய் என்பது அந்தக் கால மதிப்பு. அப்படிப் பார்த்தால் நம் மதராஸ் காசில் இரண்டு ரூபாய் இரண்டணாச் சொச்சம்தான் :-)

இடம் போதாமல் 1946இல் நாம்பள்ளிக்கு மாற்றினார்கள். அப்போது சமஸ்தானத்தின் பிரதம மந்திரி சர் மிர்ஸா இஸ்மாயில், முன்பு மைசூரில் திவானாக இருந்தவர். 1947, 1948 இரண்டு வருஷமும் நாடு இருந்த நிலையில் நுமாயிஷ் நடக்கவில்லை. 1949இல் மறுபடி திறந்தபோது தொடங்கி வைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அகில இந்தியத் தொழிற்கண்காட்சி என்று பெயர் மாறியதும் அப்போதுதான். உள்ளூர்ச் சரக்குக்கு மட்டும் என்று இருந்த கதவு எல்லா மாநிலத்துக்கும் திறந்தது. எங்கள் பவானி ஜமக்காளம் அங்கே நுழைய முடிந்ததும் அதனால்தான்.

இன்னொரு விஷயம். இதை நடத்துவது லாபக் கம்பெனி அல்ல, ஒரு சொசைட்டி. கடை வாடகையிலும் நுழைவுச் சீட்டிலும் வரும் பணத்தில் தெலங்கானாவில் பல கல்வி நிலையங்கள் நடக்கின்றன. சரோஜினி நாயுடு வனிதா மகாவித்யாலயா, கமலா நேரு பெண்கள் பாலிடெக்னிக் எல்லாம் அந்த வகைதான். கணக்கெடுப்புக்குக் காசு சேர்க்கத் தொடங்கியது பெண்கள் படிப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

டெல்லிக் கதை வேறு ரகம். 1972இல் ஆசியா 72 என்று பெரிய சர்வதேச வணிகக் கண்காட்சி. அதற்காக பிரகதி மைதானில் எழும்பியது ராஜ் ரேவால் வடிவமைத்து, மகேந்திர ராஜ் பொறியியல் பார்த்த ஹால் ஆஃப் நேஷன்ஸ். 1980 முதல் நவம்பர் 14இல் இருந்து 27 வரை இந்தியச் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி. கோவிட் வந்த 2020இல் நடக்கவில்லை. ஹால் ஆஃப் நேஷன்ஸை 2017 ஏப்ரலில் இடித்துத் தள்ளினார்கள். மைதானத்தையே புதுப்பித்து 2023 ஜூலையில் பாரத் மண்டபம் திறந்தது. இந்தக் கண்காட்சியில் ஒரு நல்ல ஏற்பாடு, முதல் சில நாள் வியாபாரிகளுக்கு, மீதி நாள் பொதுமக்களுக்கு. லைப்ஸிக் பாதி, அந்தியூர் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1987இல் தொடங்கிய சூரஜ்குண்ட் மேளா முழுக்க அந்தியூர் பக்கம்.

மறுபடி சித்தப்பா. 2008 ஜனவரி. தெரிந்த ஜவுளிக்காரர் ஒருவர் நுமாயிஷில் எடுத்திருந்த கடையில் பாதிக்குக் கூட்டுச் சேர்ந்தார். துண்டுப் பிரசுரம் இல்லை. ஃபிளெக்ஸ் இல்லை. ஒரு ஜமக்காளத்தைத் தரையில் விரித்து, அதன் மேல் தானே உட்கார்ந்துகொண்டார். "தடவிப் பாக்கட்டும், ஒக்காந்து பாக்கட்டும்" என்பது அவர் கொள்கை. தங்கமணி நாலு வரி ஹிந்தி சொல்லிக் கொடுத்தாள். அதை வைத்தே 46 நாளை ஓட்டினார்.

முதல் பத்து நாள் ஈ ஓட்டினார். குளிர் வேறு. சங்கராந்தி கழிந்ததும் கூட்டம் வந்தது. கடைசி வாரத்தில் பேரம் பேசியே உயிரை எடுத்தார்கள். திரும்பக் கொண்டு போக லாரிக் கூலி ஆகுமே என்று கட்டின விலைக்கே கொடுத்தார். நோட்டில் கணக்கு: விற்றது 1,80,000. சரக்கின் அசல் 1,20,000. பாதி வாடகை, லாரி, கரண்ட், இதர செலவு 38,000. மிச்சம் 22,000. நாற்பத்தாறு நாள் உழைப்புக்கு அது பெரிய காசு இல்லை. ஆனால் ஒரு பெண்கள் விடுதி வார்டன் இரண்டு ஜமக்காளம் வாங்கிப் போய், அடுத்த மாதம் அறுபது கேட்டு போன் செய்தார். அதன் பிறகு பல வருஷம் அந்த விடுதிக்கு இங்கே இருந்து போனது பவானிச் சரக்குதான். 84 விசிட்டிங் கார்டு செய்யாததை ஒரு வார்டனம்மா செய்தார். சித்தியின் நகை அந்த வருஷம் தீபாவளிக்கு வீடு வந்தது.

இதை வைத்து நுமாயிஷ் நல்லது, எக்ஸ்போ கெட்டது என்று முடிவு கட்ட முடியாது. 2019 ஜனவரி 30 ராத்திரி நாம்பள்ளி மைதானத்தில் தீப்பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான கடைகள் சரக்கோடு சாம்பல். வருஷம் முழுக்கச் சேர்த்த சரக்கை ஒரே இடத்தில் குவிப்பதில் உள்ள ஆபத்து அது. மாதிரி மட்டும் கொண்டு போகிறவனுக்கு அந்தப் பயம் இல்லை. 2021இல் கோவிட்டால் நுமாயிஷே இல்லை. 2022 ஜனவரி 1 அன்று அப்போதைய ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் தொடங்கி வைத்தார், மறுநாளே ஒமைக்ரானால் நிறுத்தினார்கள். பிப்ரவரி கடைசியில்தான் மறுபடி திறந்தது. நடுவில் அத்தனை நாள் சரக்கை வைத்துக்கொண்டு வெளியூர் வியாபாரிகள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. சித்தப்பா அதைப் பார்க்க இல்லை. 2021 மே மாதம் போய்விட்டார்.

ஆக, நேற்று தம்பிக்குப் போன் போட்டு நான் சொன்னது இதுதான்.

டெல்லிக்காரர்களிடம் முதலில் ஒரே கேள்வி கேள்: சில்லறை விற்கலாமா, கூடாதா? கூடாது என்றால் இந்த வருஷம் கடை வேண்டாம். டிக்கெட் எடுத்துப் பார்வையாளராகப் போய் ஒரு நாள் சுற்று. நம் மாதிரிச் சரக்கு விற்கிறவன் எந்த மூலையில் நிற்கிறான், அவனிடம் யார் வந்து பேசுகிறார்கள் என்று பார். அதற்கு ரயில் காசும் நுழைவுச் சீட்டும்தான் செலவு.

நுமாயிஷுக்கு வா. ஆனால் மூணு லட்சத்தையும் கொண்டு வராதே. பாதிக் கடை போதும். சரக்கை இரண்டு தவணையாக அனுப்பு, முதல் தவணை விற்ற பிறகு இரண்டாவது. சரக்குக்குத் தீ இன்சூரன்ஸ் போடு, பழைய காலத்து ஆட்கள் செய்யாமல் விட்டது அது. 2017க்குப் பிறகு வேறு மாநிலத்தில் வந்து விற்க ஜிஎஸ்டியில் தற்காலிகப் பதிவு உண்டு. உத்தேச வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும். கைவினைப் பொருள் செய்கிறவர்களுக்கு ஒரு வரம்பு வரை அதில் விலக்கு இருக்கிறது. ஜமக்காளம் அதில் வருகிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு லாரி ஏற்று. சிறுதொழிலுக்குக் கடை வாடகையில் அரசு மானியம் கிடைக்கிற திட்டங்களும் உண்டு, ஆனால் அனேகமாக நீ முதலில் கட்டி, ரசீது கொடுத்து, பிறகுதான் வாங்க வேண்டும். வரப் போகிற மானியத்தை நம்பிப் பெரிய கடையாக எடுத்துவிடாதே.

எல்லாம் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "அந்த மூணு லட்சத்துல ஒண்ணே கால் அம்மா நகைதானுங்ணா" என்றான்.

"அதை நாளைக்கே திருப்பிடு" என்றேன். "சரிங்க்ணா" என்றான். திருப்பினானா என்று சித்தியிடம்தான் கேட்க வேண்டும்.

டிஸ்கி: ஹைதராபாத் மக்களே, நுமாயிஷுக்குப் போகிறவர்கள் சங்கராந்தி வரை காத்திருக்காமல் ஜனவரி முதல் வாரத்திலேயே ஒரு நடை போய் வாருங்கள். கூட்டம் இருக்காது, நிதானமாகப் பார்க்கலாம். கடைக்காரர்களும் அந்த நாட்களில்தான் யாராவது வர மாட்டார்களா என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். தரையில் ஜமக்காளம் விரித்து ஒரு ஈரோட்டுப் பையன் உட்கார்ந்திருந்தால் தமிழிலேயே விலை கேளுங்கள். பேரம் மட்டும் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள் :-)